ஒரே வரிசைக் கிருமிகள்

நாகல் நகர், திண்டுக்கல்
4 ஆகஸ்ட் 2024

அன்புள்ள ஐரினுக்கு,

நான் ருக்ஸார், காலேஜ்ல உன் பக்கத்து பெஞ்சு. எத்தனை வருஷமாச்சு! போன்ல பேசுனா அழுதுருவேன், அதான் எழுதுறேன்.

குஜிலியம்பாறை நிலத்துல கடலை பூத்திருக்கு. விதையில இன்னமும் நானேதான் வேருக்குத் தழைச்சத்து குடுக்கிற ரைசோபியக் கிருமியைக் கஞ்சியில கலந்து பூசுறேன். நாம வேர் முடிச்சை நகத்தால நசுக்கி, உள்ளே ரோஸ் நிறம் தெரிஞ்சதும் கத்துனோமே! லேப்பே திரும்பிப் பார்த்துச்சு. செடியைப் பிடுங்கும்போதெல்லாம் உன் நினைப்புதான்.

இப்பக் குனியத்தான் முடியலை. ரெண்டு மாசமா சாயங்காலமானா காய்ச்சல், சேலை நனையுற அளவு வேர்வை, இடுப்பு வலி. டைபாய்டுன்னாங்க, டிபின்னாங்க, ஒண்ணும் இல்லை. எல்லாம் மனசுதான்னு இப்பச் சொல்றாங்க. என் வீட்டுக்காரர் யாசின் நிலத்தை வித்துருவோம்ங்கிறார். சரின்னுட்டேன். போதாததுக்கு, காய்ச்சலுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி, புதுசா வாங்குன ஆடுகள்ல மூணு, குட்டியைக் கலைச்சிருச்சு. ஆடு மேய்க்கிற அங்காளம்மாளும் நானும்தான் எடுத்துப் போட்டோம்.

உன் வீட்டுக்காரர் ஆண்டனிராஜ் அண்ணனுக்கு என் சலாம்.

உன்
ருக்ஸார்


நாக்பூர்
13 ஆகஸ்ட் 2024

என் ருக்குவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் வாசல்லயே நின்னு படிச்சேன். நிலத்தை விக்காதே. முதல்ல ரத்தம் குடு. புரூசெல்லாங்கிற கிருமி இருக்கான்னு பார்க்கச் சொல்லு. கலைஞ்ச குட்டியை வெறுங்கையாலதானே தொட்டீங்க? ஆட்டுப்பாலைக் காய்ச்சாமக் குடிச்சியா? அந்தக் கிருமி அப்படித்தான் ஏறும்.

வேடிக்கையைப் பாரு, கிருமிகளை வகை பிரிக்கிறதுல அதுவும் நம்ம ரைசோபியமும் ஒரே வரிசை. பரீட்சைக்கு நீதானே ராகம் போட்டு எனக்குச் சொல்லிக் குடுத்தே! ஒருத்தன் கடலைக்குச் சோறு போடுறான், அவன் சொந்தக்காரன் ஆளைப் படுக்க வைக்கிறான்.

அங்காளம்மாளையும் கூட்டிட்டுப் போ. ஆடுகளையும் மாட்டு டாக்டர்கிட்டக் காட்டு. பயப்படாதே, மாத்திரையிலேயே குணமாகும். சரியாயிருச்சுன்னு பாதியில மட்டும் நிறுத்திராதே. மத்ததெல்லாம் பின் பக்கத்துல எழுதியிருக்கேன், டாக்டர்கிட்ட அப்படியே காட்டு.

தவக்காலத்துல ஆண்டனிராஜ் இறந்துட்டார். நான் நல்லா இருக்கேன்.

ரிசல்ட் வந்ததும் எழுது.

ஐரின்


நாகல் நகர், திண்டுக்கல்
9 அக்டோபர் 2024

ஐரின்,

நீ சொன்ன அதே கிருமிதான். ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு டாக்டர், "யாரும்மா இதைப் பார்க்கச் சொன்னது?"ன்னார். "என் கூட்டாளி"ன்னேன். மாத்திரை முடிஞ்சிருச்சு, காய்ச்சலும் விட்டுருச்சு, அல்ஹம்துலில்லாஹ். அங்காளம்மாளுக்கும் இருந்துச்சு. அவ எனக்கு முன்னாடியே எந்திரிச்சு வேலைக்கு வந்துட்டா. நிலத்தைக் கேட்டு வந்தவங்களை யாசினே திருப்பி அனுப்பிட்டார்.

ஏண்டி, என் காய்ச்சலுக்கு ரெண்டு பக்கம், அண்ணன் போனதுக்கு ஒரே ஒரு வரியா? படுத்துக் கிடந்த நாளெல்லாம் நான் எடுத்து எடுத்துப் படிச்சது அந்த ஒரு வரியைத்தான். நல்லா இருக்கேங்கிறதை மட்டும் என்னால நம்ப முடியலை.

டாக்டர் பிரயாணம் போகலாம்னுட்டார். என் மக முஹ்சினா டிக்கெட் எடுத்துட்டா. வெள்ளிக்கிழமை ரயில் ஏறுறேன். வேண்டாம்னு பதில் எழுத உனக்கு நேரம் இருக்காது. இது உன் கைக்கு வரும்போது நானும் அந்த ஊர்ல எறங்கியிருப்பேன்.

ருக்கு