தோளில் தடவும் மருந்து

நேற்று நீ சொன்னது சரியாக நினைவிருக்கிறதா என்று எனக்கே சந்தேகம். "உங்களைத் தொட்டா எனக்கு என்ன ஒட்டிக்கப் போகுது? நான் அக்கா வீட்டுக்குப் போறேன்" என்றாய். 

உண்மையில் ஒட்டும். எனக்கு ஆண் ஹார்மோன் குறைவாம். இரண்டு முறை ரத்தம் பார்த்துவிட்டுத் தினமும் காலையில் தோளில் தடவ ஒரு ஜெல் கொடுத்திருக்கிறார்கள். "காஞ்சதும் சட்டை போட்டுக்குங்க, கிட்ட போறதுக்கு முன்னாடி கழுவிடுங்க, அவ்வளவுதான் சார்" என்றார் டாக்டர். நான் அச்சுப் பிழை பார்த்து மெய்ப்புத் திருத்துகிறவன் இல்லையா? பெட்டிக்குள் இருந்த தாளை ஒற்று விடாமல் படித்தேன். பெண்கள், குழந்தைகள் மேல் படக்கூடாது என்றிருந்தது. தலையணையோடு புத்தக அறைக்குப் போய்விட்டேன். மூன்று வாரமாகப் பாப்பாவைத் தூக்கவில்லை.

கழுவினால் போதும் என்பது தெரியாமல் இல்லை. உன்னிடம் சொல்லக் கூச்சம். ஆண்மைக்கு மருந்து தடவிக்கொண்டு, அதைச் சொல்லத் தைரியமில்லாத ஆள் நான் ஒருவன்தான்.

இப்போது மறுபடி பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போகிறேன். இனி ஜெல்லா, சில வாரத்துக்கு ஒரு ஊசியா என்று மாலை ஐந்துக்கு டாக்டர் கேட்பார். ஊசி யார் மேலும் ஒட்டாது. நீயும் வா, சேர்ந்து முடிவு செய்வோம். அக்கா வீட்டுக்கு நாளை போகலாமே.

பிளாஸ்கில் டீ இருக்கிறது. நீலத் துண்டு என்னுடையது, அதை மட்டும் தொடாதே.

பின்குறிப்பு: பாப்பா விழித்துக் கையை நீட்டினாள். இரவே குளித்துவிட்டேன், இன்று இன்னும் தடவவில்லை. தூக்கிக்கொண்டேன். அவள் மறுபடி தூங்கிவிட்டாள். நீ எழவில்லை. எனக்குப் பஸ் போய்விட்டது.