அணைக்காத சூடம்

சிம்பாங் அம்பாட்
4.3.2024

அன்புள்ள மலர்,

கைக்கட்டை எப்போது பிரிப்பார்கள்? வலி குறைந்ததா? போனில் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன்.

பசார் மாலாம் இரவுச் சந்தையில் உன்னைத் தள்ளிவிட்டுக் கைப்பையைப் பறித்தவன் என் தம்பி யுவனேஸ்வரன் என்று ரிப்போர்ட் கொடுத்திருக்கிறாய். அவன் இல்லை என்கிறான். கஞ்சா வழக்கில் ஜெயிலுக்குப் போய் வந்தவன் பேச்சைக் கோர்ட்டில் யார் நம்புவார்கள்? ஜாமீனில் வந்த அன்றே உன்னைப் பற்றிச் சொன்னான்: "டீச்சரக்கா நம்ம முனியாண்டி முன்னால சூடத்த அணைச்சு, என் மொகத்தப் பாத்தேன்னு சொல்லட்டும்லா. சொல்லிட்டா நானே கோர்ட்ல ஒத்துக்கிறேன்."

அவனும் அணைப்பான். பதினைந்தாம் தேதி, வெள்ளிக்கிழமை வருவாயா?

உன்
மோகனா

தங்கா பத்து
9.3.2024

அன்பு மோகனா,

கட்டுப் பிரிக்க இன்னும் மூன்று வாரம் ஆகும். இடது கையால் எழுதுகிறேன், கோணலைப் பொறுத்துக்கொள்.

சூடம் அணைப்பது சாட்சியம் ஆகாது. நம் ஊர் முனியாயி அக்காவின் மண்டையை அவள் புருஷன் உடைத்தபோது கோயிலில் வைத்துப் பேசி, மாலை மாற்றி, அவனோடேயே அனுப்பிவைத்தார்கள். நாம் இருவரும்தான் பார்த்துக்கொண்டு நின்றோம். அதனால்தான் நான் போலீசுக்குப் போனேன்.

ஆனாலும் நீ கேட்டதற்காக வருகிறேன். எனக்குச் சாமி நம்பிக்கை இல்லை, அதனால் பயமும் இல்லை.

தேவமலர்

தங்கா பத்து
17.3.2024

மோகனா,

உன் தம்பி உள்ளங்கையால் சூடத்தை அணைத்ததும், நான் என் கைக்கட்டைக் காட்டினேன். "எடது கை போதும்மா, முனியாண்டி கோவிச்சுக்க மாட்டாரு" என்றார் பூசாரி. எல்லோரும் சிரித்தார்கள். நீட்டினேன். நீட்டிய கை அப்படியே நின்றுவிட்டது. "டீச்சருக்குச் சாமி நம்பிக்கை இல்லலா, விட்டுருங்க" என்று யாரோ எனக்காகப் பேசினார்கள். அதையே சாக்காகப் பிடித்துக்கொண்டு காருக்கு நடந்தேன்.

சாமி காரணமில்லை. நான் பார்த்தது ஒரு கறுப்பு ஹெல்மெட்டும் முதுகும்தான். முந்தின வாரம் உன் தம்பி வேலை கேட்டு வீட்டுக்கு வந்திருந்தான். ஜெயிலுக்குப் போனவன், வேறு யாராக இருக்கும் என்று நினைத்தேன். போலீஸ் நிலையத்தில் முகத்தைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். பார்த்தேன் என்று சொல்லி, இதே இடது கையால் கையெழுத்தும் போட்டேன். அப்போது கை நிற்கவில்லை.

நாளை வக்கீலோடு போய் வாக்குமூலத்தை மாற்றுகிறேன். பொய் ரிப்போர்ட் என்று என் மேல் வழக்கு வந்தாலும் வரட்டும். உன்னிடம் மன்னிப்புக் கேட்கவும் கூசுகிறது.

மலர்

சிம்பாங் அம்பாட்
6.5.2024

மலர்,

தம்பி மேலிருந்த வழக்கைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். சொன்னபடி செய்தாய்.

ஆனால் நீ போலீசில் சொன்னதை இங்கே யாரும் கேட்கவில்லை. "டீச்சருக்கு எரக்க மனசு, கேச விட்டுட்டாங்க" என்கிறார்கள். மளிகைக்கடைத் தம்புசாமி இன்னும் என் தம்பியை உள்ளே விடுவதில்லை. சாமானை வாசலில் வைத்தே கொடுக்கிறார். கோயிலில் அன்றைக்கே வாயைத் திறந்திருந்தால் ஊரே கேட்டிருக்கும்.

உன் கடிதத்தைக் கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டப் போனேன். தம்பி பிடுங்கிக்கொண்டான். "வேணாங்கா. டீச்சரக்காவுக்கு வெக்கமா இருக்கும்" என்றான்.

வெள்ளிக்கிழமை பூஜை ஏழு மணிக்கு.

மோகனா