எங்களப் பிரிச்சிராதுங்க

டிசம்பர் 12, வியாழன்

இன்று கிளாரா வேட்புமனு தாக்கல் செய்தாள். கூடவே நானும். அவள் செய்தது ஒரு காரியத்துக்காக. நான் செய்தது வக்கீல் சொன்னதற்காக. வாக்காளர் பட்டியலில் அவள் பெயர் ‘கிளாறா’ என்று கிடக்கிறது. இருபத்தாறு வருடமாக இடையின ரகரத்தோடுதான் குடும்பம் நடத்துவதாக நினைத்திருந்தேன். அரசாங்கத்துக்கு அவள் வல்லினம். ஒருவேளை அரசாங்கம் சொல்வதுதான் சரியோ என்னவோ.

“பேரு தப்புன்னு தள்ளிட்டான்னா ஒண்ணும் செய்ய ஒக்காது. நீரும் ஒரு மாற்று மனு போட்டு வையும். அவங்க மனு நின்னுட்டா நீரு வாபஸ் வாங்கிரும்” என்றார் புதுக்கடை வக்கீல்.

பஞ்சாயத்து வார்டு மெம்பர் பதவி. கட்சி கிடையாது, கொடி கிடையாது, ஆளின் முகத்தைப் பார்த்து விழுகிற ஓட்டு. என் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தேன். மாற்றாக இருப்பதே மரியாதை.

அவளுடைய காரியம் பாசனச் சானலுக்குக் குறுக்கே கிடக்கிற தென்னந்தடி. அக்கரையில் அங்கன்வாடி, இக்கரையில் எங்கள் வார்டு. தாய்மார் ஏழு மணிக்கே வேன் ஏறி அண்டி ஆபீசுக்கு முந்திரி உடைக்கப் போய்விடுகிறார்கள். ஒன்பதரைக்குக் கிளாரா தையல் மெஷினை விட்டு எழுந்து, பதினோரு குழந்தைகளை ஒவ்வொன்றாகக் கைபிடித்து அந்தத் தடிமேல் கடத்துகிறாள். மூன்று மணிக்குத் திரும்பவும். போன ஆடியில் வழுக்கியபோது பிள்ளையை விடவில்லை, வலது மணிக்கட்டை விட்டாள். எலும்பு கூடிவிட்டது. ஊசியில் நூல் கோர்க்கும்போதும் எழுதும்போதும் மட்டும் கை இன்னும் ஆடுகிறது.

பாலம் கேட்டு ஏழு மனு கொடுத்திருக்கிறாள். பத்து வருடம் மெம்பராக இருந்த சுந்தர்சிங் ஏழுக்கும் ஒரே பதில்தான் சொன்னார்: “பாப்பம் பிள்ளே.”

டிசம்பர் 17, செவ்வாய்

பரிசீலனை. கிளாராவின் மனு ஏற்கப்பட்டது, வல்லினத்தோடேயே. என் மனுவும் ஏற்கப்பட்டது. என்னிடம் ஒரு குறையும் இல்லையாம். எழுத்தில் வாங்கியிருக்கலாம், வீட்டில் காட்ட.

டிசம்பர் 19, வியாழன்

ஐயோ.

அதே நாள், சாயங்காலம்

ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன்.

மூன்று மணிக்குள் வாபஸ் வாங்க வேண்டும். ஒன்றரைக்கே கிளம்பினேன். வாபஸ் படிவத்தைக் கிளாராவே என் சட்டைப்பையில் வைத்து, “நேரா போங்க. வழியில வாயத் தொறக்காண்டாம்” என்றாள்.

புதுக்கடை சந்திப்பில் ஒரு சாயாவுக்கு நின்றேன். சாயா மட்டும்தான். சாயாக்கடை பெனிஷ், “அண்ணாச்சி, சுந்தர்சிங் ஓட்டு கேக்கது எப்பிடின்னு ஒண்ணு காட்டுங்க” என்றான். காட்டினேன். வேட்டியை மடித்துக் கட்டி, எதிரே வந்த நாயையும் கும்பிட்டு, “பாப்பம் பிள்ளே” என்றேன். பத்துப் பேர் கூடிவிட்டார்கள். “இன்னொருக்கா!” பஸ்சிலிருந்து இறங்கிய ஒருவன் முதல் பாதியைப் பார்க்கவில்லை என்றான். அவனுக்காக முதலிலிருந்து. ஒருத்தருக்குச் சிரித்துப் புரையேறியது. மைக்செட் வைத்துப் பிழைக்கிறவன் நான். கல்யாணமோ அடக்கமோ, பத்துத் தலை சேர்ந்து கண்டால் என் நாக்கு தானாக எழுந்து நின்றுவிடும்.

ஒன்றிய அலுவலகத்துக்குள் கால் வைக்கும்போது மணி மூன்று எட்டு.

“சாரே, எட்டு நிமிசம்தானே.”

“எட்டு நிமிசம் முன்னாடின்னா வாபஸ். இப்ப நீங்க வேட்பாளர். உக்காருங்க, சின்னம் குடுக்கணும்.”

கிளாராவுக்குப் பூட்டு சாவி. சுந்தர்சிங்குக்கு மின்விசிறி. எனக்குச் சீப்பு. என் தலையிலிருந்து கடைசி முடி விடைபெற்று எட்டு வருடமாகிறது. அதிகாரி என்னையும் சீப்பையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார்.

வீட்டில் சொன்னேன். கிளாரா மெஷினை நிறுத்தவில்லை. ஜாக்கெட்டின் ஒரு கை முடியும்வரை தைத்தாள். பிறகு கேட்டாள்: “யாருக்க கூட பேசிட்டு நிண்ணிய?”

அவ்வளவுதான் கேட்டாள்.

டிசம்பர் 20, வெள்ளி

மஸ்கட்டில் ஆஸ்பத்திரி வேலை பார்க்கும் மகள் ஜெனிலா போன். “அப்பா, நீங்க அம்மாவ எதுத்தா நிக்கிய? இங்க ஆஸ்பத்திரியில எல்லாரும் சிரிச்சாச்சு.” பிறகு சொன்னாள்: “அம்மா செயிக்கணும் அப்பா. வெளயாடாதுங்க.”

டிசம்பர் 22, ஞாயிறு

பரிகாரம் கண்டுபிடித்துவிட்டேன். ஆட்டோவில் மைக் கட்டி, எனக்கு ஓட்டுப் போடாதீர்கள் என்று நானே பிரசாரம் செய்கிறேன்.

“சீப்புக்குப் போடாதுங்க! சீப்பு வாங்கின மொட்டத்தலையன நம்பி மோசம் போவாதுங்க!”

சனம் வாசலுக்கு வந்துவிட்டது. சுந்தர்சிங் கூட்டத்தில் எட்டுப் பேர் நின்றதாகக் கேள்வி. என் ஆட்டோவுக்குப் பின்னால் அறுபது பேர். அந்த உற்சாகத்தில், யோசிக்காமலேயே அடுத்தது வந்து விழுந்தது. வாக்குச்சீட்டில் பெயர் வரிசை கிளாரா, சுந்தர்சிங், கடைசியில் ஜஸ்டஸ், அதாவது நான். ஆகவே:

“இருவத்தாறு வருசமா ஒரே கூரைக்குக் கீழ கெடக்கோம். இப்பம் ஒரே சீட்டில மேலயும் கீழயும் கெடக்கோம். எடையில சுந்தர்சிங் அண்ணாச்சி வந்து படுத்திருக்காரு! சனங்களே, எங்களப் பிரிச்சிராதுங்க!”

பக்கத்து வீட்டுத் தாணம்மாள் அக்கா சிரித்து மதில்மேல் சாய்ந்துவிட்டாள். அண்டி ஆபீஸ் பெண்கள் இன்னொரு தரம் சொல்லச் சொன்னார்கள். நாலு தரம் சொன்னேன்.

டிசம்பர் 23, திங்கள்

கிளாரா: “இஞ்ச பாருங்க. பூட்டு சாவிக்கு மட்டும் குத்துங்கன்னு சொன்னாப் போரும். அந்தப் பிரிச்சிராதுங்க எதுக்கு?”

“அதுக்குத்தானே ஆளு சிரிக்குது.”

“சிரிக்கது எல்லாம் ஓட்டுன்னா நீங்க எம்.எல்.ஏ. ஆயிருப்பிய.”

அவளுக்கு மேடை நுணுக்கம் தெரியாது.

டிசம்பர் 25

கிறிஸ்மஸ். போதகர் ஜெபத்தில் ‘எதிரெதிரே போட்டியிடும் அன்புத் தம்பதியருக்காக’ என்றார். சபையே சிரித்தது. கிளாரா ஆமென் சொல்லவில்லை.

டிசம்பர் 28, சனி

பிரசாரம் ஓய்ந்தது. வழியில் சுந்தர்சிங்கைக் கண்டேன். தோளில் கை போட்டார். “ஏலே ஜஸ்டஸே, நல்ல வேலை செய்யுத மக்கா. ஒனக்க மைக்கு இருக்கும்போ எனக்கு எதுக்கு வேற ஆளு?”

தோற்கப்போகிறவன் பேச்சு என்று நினைத்துக்கொண்டேன். இந்த வரியைப் பிற்பாடு படிக்க வேண்டிவரும் என்று ஏனோ தோன்றுகிறது.

டிசம்பர் 30, திங்கள்

வாக்குப்பதிவு. பூட்டு சாவிமேல் குத்தி, மை காயும்வரை ஊதி, மடித்துப் போட்டேன். வாழ்க்கையில் இத்தனை ஒழுங்காக நான் எதையும் செய்ததில்லை.

வெளியே கிளாரா நின்றிருந்தாள். பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து அவள் கையைப் பிடித்தார்கள். ரொம்ப நாளுக்குப் பிறகு பல் தெரிய அவள் சிரிப்பதைப் பார்த்தேன். இந்தத் தடவை பாலம் வந்துவிடும் என்றே தோன்றியது.

சாயங்காலம் தாணம்மாள் அக்கா வந்தாள். கிளாரா கிணற்றடியில் இருந்தாள்.

“ஏலே, கவலப்படாத. ஒனக்கும் ஒரு குத்து, அவளுக்கும் ஒரு குத்து. குடும்பத்தப் பிரிக்கப்பிடாதுன்னு நீதானே சொன்ன?”

“செரி அக்கா” என்றேன்.

செரியா? என்னத்த செரி? ஒரு சீட்டில் ரெண்டு குத்து விழுந்தால் அது யாருக்கும் இல்லை. செல்லாது. கிழவிக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்லா?

ஒரு ஓட்டுதான். வயசானவள். ஒன்றே ஒன்று.

கிளாராவிடம் சொல்லவில்லை.

டிசம்பர் 31, செவ்வாய்

மூன்று.

ஜனவரி 1, புதன்

ஆராதனை முடிந்து கோயில் முற்றத்தில் எல்லாரும் கைகுலுக்கினார்கள். புதுவருட வாழ்த்துகள், அண்ணாச்சி, ரெண்டு பேருக்கும் குத்தியாச்சு. புதுவருட வாழ்த்துகள், மாமா, ஒங்களப் பிரிப்பமா? ஒவ்வொருத்தர் முகத்திலும் என்ன ஒரு சந்தோஷம். எங்களுக்குச் சொந்தச் செலவில் மோதிரம் போட்டதுபோல.

ஷைஜா வந்தாள். கிளாரா தினமும் கைபிடித்துக் கடத்துகிற பிள்ளைகளில் ரெண்டு அவளுடையது. “அண்ணா, நாங்க வேன்ல வச்சே பேசி முடிவு பண்ணியாச்சு. அக்காளுக்கும் போடணும், அண்ணன விட்டாலும் பாவம்லா.”

வேனில் எத்தனை பேர் என்று கேட்கவில்லை. கேட்கிற தைரியம் இல்லை. அந்த வேன் முழுக்க எங்களுடைய ஓட்டு.

பக்கத்தில் வந்த கிளாரா, “மொகம் எதுக்கு இப்பிடி இருக்கு?” என்றாள்.

“கேக் ஒத்துக்கல.”

ஜனவரி 2, வியாழன்

பதிவான ஓட்டு 261.
சுந்தர்சிங் 112.
கிளாரா 103.
ஜஸ்டஸ் 19.
செல்லாதவை 27.

அதில் பதினாறு சீட்டில் பூட்டின்மேலும் சீப்பின்மேலும் குத்து. நடுவில் சுந்தர்சிங்கின் மின்விசிறியைத் தொடாமல், கோலம் போடுகிற கவனத்தோடு, மேலே ஒன்று, கீழே ஒன்று. அதிகாரி ஒவ்வொன்றையும் எங்களிடம் தூக்கிக் காட்டினார். “செல்லாது.” அடுத்தது. “செல்லாது.” பதினாறு தரம். பத்தொன்பது பேர் எனக்கே போட்டது வேறு. நான் போடாதே என்று கெஞ்சியும் கேட்காத சனம், பிரிக்காதே என்றதை மட்டும் கேட்டிருக்கிறது.

கிளாரா ஒவ்வொரு சீட்டையும் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

திரும்பும்போது ஆட்டோவில் சொன்னேன். “எனக்கு மின்னாடியே தெரியும். ஒனக்கிட்ட சொல்லல்ல.”

“எனக்கும் தெரியும். என்கிட்டயும் ஏழு பேரு சொன்னாவ.”

“நீ ஏன் சொல்லல்ல?”

“சொன்னா அதையும் ஒரு கதை ஆக்குவிய.”

 

ஜனவரி 3, வெள்ளி

ஒன்பதரைக்கு எழுந்து போனாள். பதினோரு பிள்ளைகள். தடி நனைந்து கிடந்தது.

ஜனவரி 6, திங்கள்

பதவியேற்பு. வரவேற்புக்கு சுந்தர்சிங் என் மைக்செட்டைத்தான் கூப்பிட்டார். போனேன். தொழில். பெனிஷ் கூட்டத்திலிருந்து, “அண்ணாச்சி, அந்தப் ‘பாப்பம் பிள்ளே’ ஒண்ணு” என்று கத்தினான். சுந்தர்சிங்கே சிரித்தபடி தலையாட்டினார். தொண்டை கட்டிவிட்டது என்றேன்.

ஜனவரி 11, சனி

ஷைஜா வந்து அழுதாள். “செல்லாதுன்னு ஒருத்தரும் சொல்லல்லியே அண்ணா.” உண்மைதான். பிரசாரம் ஓயும்வரை ஏழு நாள் என் கையில் மைக் இருந்தது.

கிளாரா உள்ளேயிருந்து வந்து அவளுக்குச் சாயா கொடுத்து, “ஒனக்க இளையவனுக்குக் கால்சட்டை இறுக்கமா கெடக்கு, நாளைக்குக் கொடுத்து விடு, பிரிச்சுத் தைக்கலாம்” என்றாள். பிரிச்சு என்று கேட்டதும் ஷைஜா சாயா டம்ளரைக் கீழே வைத்தாள். 

மார்ச் 4, புதன்

பேச்சிப்பாறை அணையில் ஷட்டரை அடைத்துவிட்டார்கள். சானலில் தண்ணீர் இல்லை. பிள்ளைகள் அடியில் இறங்கி மண்ணில் ஓடியே அக்கரைக்கு ஏறிவிடுகின்றன. தடியும் வேண்டாம், கையும் வேண்டாம். ஆனாலும் ஒன்பதரை ஆனால் கிளாரா போய்த் தடியின் பக்கத்தில் நிற்கிறாள்.

பாலத்தைப் பற்றி சுந்தர்சிங்கிடம் கேட்டேன். “தண்ணியே இல்லாத எடத்தில பாலம் எதுக்கு மக்கா? ஜூன்ல தண்ணி வரட்டும், பாப்பம்.” ஜூனில் கேட்டால் தண்ணீர் கிடக்கும்போது எப்படித் தூண் நாட்டுவது என்பார். கிளாராவின் மூன்றாவது மனுவின்போது, ‘பாப்பம் பிள்ளே’வுக்கு முன்னால் அவர் சொன்ன சாக்கு அதுதான்.

சாயங்காலம் கிளாரா எட்டாவது மனு எழுதினாள். மணிக்கட்டு ஆடியதில் ‘பாலம்’ என்ற சொல்லை ரெண்டு தரம் அடித்து எழுதினாள். கடைசியில் பெயர் எழுதிக் கையொப்பமிட்டாள். கிளாறா. பட்டியலில் கிடக்கிறபடியே.

நானும் பேனாவை எடுத்தேன்.

“நீங்க ஒப்பு போடாண்டாம்” என்றாள். “ரெண்டு இருந்தா செல்லாது.”

முகத்தைப் பார்த்தேன். சிரிப்புக்குச் சொன்னதா என்று தெரியவில்லை. பேனாவை மூடி வைத்தேன்.