ஆள் திரும்பி வந்த கேஸு மட்டும்

எவ்வளவு கோபத்தில் இருந்தாலும் என்னைக் கூப்பிடாமல் சாப்பாட்டில் கை வைக்காத மாமாவுக்கு,

நான் வாயைத் திறக்காமல் இருந்தது போதும். முதலில் உங்கள் வயதை நினைத்துப் பேசாமல் இருந்தேன். அப்புறம் உங்கள் பார்வை போனதை நினைத்து. நீங்கள் போன பிறகு, காரியம் முடியட்டும், உங்கள் மகள் கொஞ்சம் தேறட்டும் என்று இருந்தேன். இனி யாருக்காக இருப்பது?

உங்கள் போன் இன்னும் உங்கள் கட்டில் பக்கத்து ஸ்டூலில்தான் கிடக்கிறது. உங்கள் மகள் தினமும் சார்ஜ் போடுகிறாள், எதற்கென்று நான் கேட்பதில்லை. புது எபிசோடு வந்தால் மணி அடிக்கிறது. நேற்றும் அடித்தது. ஓய்வு பெற்ற ஏட்டு ஒருவர் தான் விசாரித்த கேஸுகளைத் தானே சொல்கிற புதுத் தொடர். பின்னணியில் இசை கிடையாது. நடுவில் அவர் டீ உறிஞ்சுவதுகூடக் கேட்கிறது. "மேளம் அடிக்காம சொல்றான் பாருங்க, இவன்தான் ஆளு" என்று சொல்லியிருப்பீர்கள். காலையில் பஸ்ஸில் அதைக் கேட்டுக்கொண்டே, சாயங்காலம் மாமாவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது. எனக்கு அலுத்துவிட்டது மாமா. ஒரு நல்ல பாட்காஸ்டைச் சிபாரிசு செய்யக்கூட இந்த ஊரில் எனக்கு வேறு மனிதர் இல்லை.

காணாமல் போனவர்களைப் பற்றிய தொடரை நடத்துகிற பெண் உங்களுக்கு நினைவிருக்கும். 'நம்ம பொண்ணு' என்பீர்கள். நேயர்கள் தங்கள் வீட்டுக் கதையை எழுதித் தன் பக்கத்தில் போடலாம், பொருத்தமானதை வாசிக்கிறேன் என்று இப்போது அறிவித்திருக்கிறார். அங்கே போடுவதற்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்களையும் என்னையும் அறியாதவர்கள் படிப்பார்கள். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையும் சொல்லியாக வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் நீங்கள் ஒரு யூனிட் நடத்தினீர்கள். ஊறுகாய் ஜாடியும் ஃப்யூஸ் கட்டையும் செய்தீர்கள். ஒரு மகள், அவளுக்கு இளையவனாக ஒரு மகன். மகளைக் கட்டிய நான் எம்.ஃபில். படித்துவிட்டு, திட்டக்குடிப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் வரலாறு நடத்தப் போனேன். இன்றைக்கும் அங்கேதான் போகிறேன். எனக்குப் பின்னால் வந்தவர்கள் துறைத்தலைவர் ஆனார்கள். நான் உங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தேன். வாடகை வாங்க மாட்டேன் என்றது நீங்கள், 'வீட்டோட மாப்பிள்ளை' என்ற பெயர் வாங்கியது நான்.

சர்க்கரை உங்கள் கண்ணைத் தின்ற பிறகு பேப்பர் படிக்க முடியவில்லை. பேப்பரில் நீங்கள் முதலில் திருப்புவது கொலை, கொள்ளைப் பக்கம். அதனால் போனில் ஒரு கிரைம் தொடரைப் போட்டுக் கொடுத்தேன். லாட்ஜில் நடந்த கொலை, நல்ல விறுவிறுப்பான தொடர், நானே ரசித்துக் கேட்டது. பாதியில் ஹெட்போனைக் கழற்றிவிட்டீர்கள்.

"கொல வேணாம் மாப்ள. காணாமப் போன கேஸு எதாச்சும் இருந்தா போடுங்க."

ஏன் என்று நான் கேட்கவில்லை. அதற்குள் உங்கள் மகன் வீட்டைவிட்டுப் போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது.

அந்த வகைத் தொடர்களில் ஒரு சங்கடம் உண்டு. காணாமல் போனவர்கள் பெரும்பாலும் கடைசி எபிசோடில் கிணற்றிலோ ஏரியிலோ கிடைப்பார்கள். அதை உங்கள் காதில் எப்படிப் போடுவது? எனவே திட்டக்குடி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் முதலில் நான் கேட்டேன். பிணம் வந்தால் தள்ளிவிடுவேன். ஆள் உயிரோடு வந்தால் சாயங்காலம் உங்களுக்கு. சூரத்தில் துணி மில்லில் வேலை செய்துகொண்டிருந்த பையன், காசியில் ஒரு சத்திரத்தில் சமைத்துக்கொண்டிருந்த ஆசிரியர், மங்களூரில் வேறு பெயரோடு குடும்பம் நடத்திய பெண்மணி, இவர்களையெல்லாம் உங்களுக்குத் தேடிப் பிடித்தது நான்தான். ஒரு தொடரில் நடுவில் ஒரு கதை மட்டும் மோசமாக முடிந்தால், "அதை வுட்டுடுங்க மாமா, செம இழுவை" என்பேன். உங்களைப் பிடிக்காத ஒருவன் உங்களுக்காக இப்படி உட்கார்ந்து பிணங்களைக் கழித்துக்கொண்டிருந்தான் என்றால் யார் நம்புவார்கள்?

நீங்கள் கண்டுபிடித்தும்விட்டீர்கள்.

"ஏன் மாப்ள, நீங்க குடுக்குற கேஸுல மட்டும் எல்லாவனும் வூட்டுக்குத் திரும்பிடறான். ஒருத்தன்கூட சாவ மாட்டானா?"

"நல்ல கதையா பாத்துத் தரேன் மாமா."

"பரீட்ச பேப்பர் திருத்துற ஆளுல்ல நீங்க. பாஸு பண்ணவனை மட்டும் என்கிட்ட அனுப்புறீங்க."

சொல்லிவிட்டு நீங்கள் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். மறுநாளும் அதே மாதிரி ஒன்றைத்தான் கொடுத்தேன். அதையும் முழுக்கக் கேட்டீர்கள்.

இப்போது நான் இத்தனை நாள் சொல்லாததைச் சொல்கிறேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. உங்கள் மகள் சேத்தியாத்தோப்பில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். நீங்களும் நானும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். பேட்டையிலிருந்து உங்கள் மகன் போன் செய்தான். அவன் என்ன சொன்னான் என்பது எனக்குக் கேட்கவில்லை. நீங்கள் சொன்னது கேட்டது. "லாரிக்காரன் வந்து நிக்கிறான்ல? சூடு எறங்குனது போதும். பிரிடா சூளைய. நான் சொல்றன், பிரி."

சூளை ஆறுவதற்கு முன்னால் பிரித்தால் குளிர்ந்த காற்று பட்டுச் சரக்கு விரிசல் விடும். அது அந்தப் பேட்டையில் டீ விற்கிறவருக்கும் தெரியும், உங்களுக்குத் தெரியாமலா? ஆனால் அவசரம். அன்றைக்கு அந்தச் சூளையில் இருந்த ஜாடி மொத்தமும் போனது. நீங்கள் அங்கே போய், வேலையாட்கள் எல்லோரும் பார்க்க, கல்யாண வயதில் இருந்த மகனைக் கன்னத்தில் அறைந்தீர்கள். "யார்ரா ஒன்ன பிரிக்கச் சொன்னது?" என்று கேட்டீர்களாம்.

சாயங்காலம் அவன் வீட்டுக்கு வந்து கேட்டான். கத்தவில்லை.

"நீங்கதானப்பா பிரிக்கச் சொன்னீங்க?"

"நான் சொல்லல."

"போன்ல சொன்னீங்களேப்பா."

"சொல்லலன்றன்ல."

அப்போது நான் வாயைத் திறந்தேன். "சொன்னீங்க மாமா. நான் பக்கத்துலதான இருந்தன்."

நீங்கள் என்னைப் பார்க்கவே இல்லை. "மாப்ள, இது எங்க வூட்டு சங்கதி. நீங்க மாடிக்குப் போங்க" என்றீர்கள். போனேன். விடிந்து பார்த்தால் அவன் இல்லை.

சொந்தக்காரர்கள் வந்து கேட்டபோது நீங்கள் பொய் சொல்லவில்லை. "அப்பனும் புள்ளையும் பேசிக்கிட்டு இருந்தம், மாப்ள நடுவுல பூந்துட்டாரு" என்று மட்டும் சொன்னீர்கள். மிச்சத்தை உங்கள் தங்கை, கருவேப்பிலங்குறிச்சி அத்தை, சேர்த்துக்கொண்டார். சொத்துக்கு ஆசைப்பட்டு வீட்டோட மாப்பிள்ளை அப்பனுக்கும் மகனுக்கும் மூட்டிவிட்டான் என்று ஊர் முழுக்கப் போனது. உங்கள் காதுக்கும் வந்தது. நீங்கள் திருத்தவில்லை. ஒரு வார்த்தை போதும், நீங்கள் சொல்லவில்லை. உங்கள் மகள் என்னிடம் அன்று என்ன நடந்தது என்று இதுவரை கேட்டதில்லை. கேட்டிருந்தால் கோபப்பட்டிருப்பேன். கேட்காமலேயே என்னோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்துகிறாளே, அதற்கு என்ன அர்த்தம் மாமா? என்னை நம்புகிறாள் என்றா? மன்னித்துவிட்டாள் என்றா?

அதற்குப் பிறகும் நாம் தினமும் ஒரே வீட்டில்தான் சாப்பிட்டோம். போலீசில் எழுதிக் கொடுத்தோம். திருப்பூரில் பார்த்ததாக யாரோ சொல்ல, நான்தான் போய் அலைந்துவிட்டு வந்தேன். அதை அத்தை யாரிடமும் சொல்லவில்லை.

போன மழைக்காலத்தில் ஒருநாள் ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கேட்டீர்கள்.

"மாப்ள, நம்ம கேஸ எழுதிப் போட்டா அந்தப் பொண்ணு படிக்குமா?"

"படிக்கும். ஆனா மொதல்ல ஏன் போனாருன்னு கேக்கும்."

"தெரியலன்னு எழுதுங்க."

"தெரியும்ல மாமா."

நீங்கள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள். நானும் எழுந்து போய்விட்டேன். அதன் பிறகு என்னிடம் நீங்கள் கேஸு கேட்கவில்லை. எதிர்வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு, கையில் அகப்பட்டதைப் போடச் சொல்லிக் கேட்டீர்கள். நான் தள்ளி வைத்த தொடர்கள் அத்தனையும் உங்கள் காதுக்குள் போயின. கிணறு, தண்டவாளம், கரும்புக்கொல்லை. சாப்பாடு குறைந்துவிட்டது. உங்கள் மகள், "அப்பாவுக்கு என்னா ஆச்சு, நீங்க எதுனா சொன்னீங்களா?" என்று கேட்டாள். இந்த வீட்டில் எது நடந்தாலும் அந்தக் கேள்வி என்னிடம்தான் வரும்.

ஒரு சாயங்காலம் நீங்களாகவே கூப்பிட்டீர்கள்.

"எழுதிக்கறீங்களா மாப்ள?"

"என்னா எழுதணும்?"

"நான்தான் சூளைய பிரிக்கச் சொன்னன். அவன் மேல தப்பு கெடையாது. அவன அடிச்சது தப்பு. இத எழுதுங்க."

அப்புறம், "ஒங்களையும்தான்" என்றீர்கள். என் மேல் இத்தனை வருஷம் விழுந்த பழியை அந்த ஒரு வார்த்தையில் முடித்துக்கொண்டீர்கள். எனக்கு அது போதவில்லை மாமா. இன்றைக்கும் போதவில்லை. நீங்கள் அதை ஊரைக் கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும், கருவேப்பிலங்குறிச்சி அத்தையை நடுக்கூடத்தில் உட்கார வைத்துச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அடுத்த வாரமே ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். வரவில்லை.

உங்களுக்குக் கொள்ளி வைத்தது பங்காளி மகன். ஆட்கள் வரவர நான் பந்தலில் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அத்தை என் முதுகுக்குப் பின்னால், எனக்குக் கேட்கட்டும் என்றே சொன்னார்: "புள்ளய வெரட்டி வுட்ட மவராசன்தான் இன்னிக்கி மொத ஆளா நிக்கிறாரு." பக்கத்தில் இருந்தவர், "சும்மா இரு, கேக்கப் போவுது" என்றார். "கேக்கட்டுமே" என்றார் அத்தை. கேட்டது. இன்னொரு நாற்காலி எடுக்கப் போனேன்.

ஆகவே இதை எழுத உட்கார்ந்தபோது என் மனதில் இருந்தது உங்கள் மகன் இல்லை. அதை மறைப்பானேன்? என் பெயர், ஊர், படிப்பு எல்லாம் போட்டு, மாமனார் தன் வாயால் ஒத்துக்கொண்டார் என்று எழுதி, அத்தைக்கும் அத்தையின் மக்களுக்கும் அனுப்ப வேண்டும் என்றுதான் ஆரம்பித்தேன்.

எழுதிப் படித்துப் பார்த்தேன். என் பெயரோடு போனால், செத்த மனிதர் மறுக்க முடியாது என்று மருமகன் பழியைத் திருப்பிப் போடுகிறான் என்பார்கள். அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன், பழக்கம்தான். ஆனால் அத்தை ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகச் சண்டை நடக்கும். அந்தப் பெண் அதை வாசிக்கவும் யோசிப்பார். வாசித்தாலும் அந்தச் சத்தத்தில், நீங்கள் அவனுக்கென்று சொன்னது அவன் காதுக்குப் போய்ச் சேராது. அது என் வழக்காகிவிடும். நீங்கள் எழுதச் சொன்னது அது இல்லையே.

அவன் எங்காவது இருந்து, ஓட்டல் கல்லாவிலோ லாரியிலோ இந்தத் தொடரைக் கேட்கிறவனாக இருந்தால், யார் எழுதியது என்று அவனுக்குப் பெயர் சொல்லத் தேவையில்லை. அன்றைக்கு அந்தக் கூடத்தில் இருந்தது மூன்றே பேர். அவனுக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான்: அப்பா இறந்துவிட்டார். சூளையைப் பிரிக்கச் சொன்னது தான்தான் என்று சொல்லிவிட்டு இறந்தார். அக்கா அதே வீட்டில் இருக்கிறாள்.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன் மாமா. அவன் வந்தால், அன்றைக்கு லீவு போட மாட்டேன். வழக்கம்போல் பஸ் ஏறிப் போய்விடுவேன். அக்காவும் தம்பியும் உட்கார்ந்து பேசட்டும், அவள் என்ன கேட்க வேண்டுமோ அவனிடம் கேட்டுக்கொள்ளட்டும். நடுவில் புகுந்தான் என்று இன்னொரு முறை யாரும் என்னைச் சொல்ல வேண்டாம்.

மேலே எழுதியிருந்த என் பெயரையும் கல்லூரியையும் அடித்துவிட்டேன். பெயரில்லாமலே இதைப் போடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மகளைக் கட்டியவன்