பாட்டுப் போடாத கல்யாண வீடியோ

என் செல்லத் தம்பிக்கு,

கணக்கு எழுதிப் பழகிய கை. அதனால் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். போன வெள்ளிக்கிழமை உன் ஹார்டு டிஸ்க்கைக் கடைசியாகக் கம்ப்யூட்டரில் மாட்டியபோது ஸ்டுடியோவில் இருந்தவர்கள்: நான், உன் பெண்டாட்டி செல்வி, அவள் இடுப்பில் பாப்பா, பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பாய், மாகறலிலிருந்து வந்த வசந்தி. வேறு யாரும் இல்லை. நீ உட்காரும் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை.

வசந்தியை உனக்கு ஞாபகம் இருக்கும். தை மாதம் நீ எடுத்த கடைசிக் கல்யாணம் அவளுடையது. மாசியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே உன்னைப் பறிகொடுத்துவிட்டோம். அப்போது பாப்பா குப்புறக்கூட விழவில்லை. இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். யாராவது பைக்கை நிறுத்தினால் வாசலுக்குப் போய் எட்டிப் பார்க்கிறாள். யாரைத் தேடுகிறாள் என்று அவளுக்கே தெரியுமா?

செல்வி அழுவதையெல்லாம் இப்போது குறைத்துவிட்டாள். ஒரே ஒரு ஆசைதான் வைத்திருக்கிறாள். உன் குரல் வேண்டும். "பொண்ணு வளந்து அப்பா எப்படிப் பேசுவாருன்னு கேட்டா நான் இன்னா அண்ணி பேசிக் காட்டுவேன்?" என்கிறாள். அன்றைக்கு ஓடிய ஓட்டத்தில் உன் செல்போன் எங்கே விழுந்தது என்றே தெரியவில்லை. ஊர் முழுக்க நீ எடுத்த கல்யாண வீடியோக்கள் இருக்கின்றன. ஒன்றிலும் நீ இல்லை. கேமராவுக்குப் பின்னால் நின்றவன் முகம் எப்படி விழும்? குரலாவது இருக்கும் என்றால், எல்லாவற்றின் மேலும் பாட்டுப் போட்டு அதையும் மூடிவிட்டாய். ஒரு தடவை நான் கேட்டதற்கு, "நான் கத்தறத கேக்கவாக்கா காசு குடுக்கறாங்க? அவங்க கல்யாணத்துல என் தொண்டை எதுக்கு?" என்று சிரித்தாய்.

பாட்டுப் போடுவதற்கு முந்தியது எல்லாம் அந்தக் கறுப்பு டிஸ்க்கில்தான் இருந்தது. உன் வீட்டு வீடியோவும் 'பாப்பா' என்று பேர் போட்டு அதிலேயே வைத்திருந்தாய்.

மகளிர் குழுக் கணக்கை உன் கம்ப்யூட்டரில் ஏற்றப் போய், பார்த்துப் பார்த்துப் பழகியவள்தானே நான். அந்தத் தைரியத்தில்தான் மாட்டினேன். விளக்கு எரிந்தது, உள்ளே இருக்கிற பேரெல்லாம் வரிசையாக வந்தது. முருகா என்று 'பாப்பா'வைத் திறக்கப் போனால், அப்படியே நின்றுவிட்டது. அம்புக்குறிகூட அசையவில்லை. பிடுங்கி, ஆற விட்டு, மறுபடி மாட்டினால் வரும். கொஞ்ச நேரம் நல்ல பிள்ளையாக இருக்கும். காப்பி போட்டால் பச்சைக் கோடு கொஞ்சம் ஓடும், நின்றுபோகும், பிறகு டிஸ்க் இருந்த இடமே தெரியாது. இதே பாடு பல நாள். வயரை மாற்றினேன். முன்பக்கம் மாட்டியதைப் பின்பக்கம் மாட்டினேன். சூடு என்று நினைத்து மின்விசிறிக்கு அடியில் வைத்தேன். சோதித்துச் சரி செய்யட்டுமா என்று கம்ப்யூட்டரே ஒரு தடவை கேட்டது. சரி என்று அமுக்கப் போன கையை ஏனோ இழுத்துக்கொண்டேன். பிறகுதான் பாயைக் கூப்பிட்டேன்.

"அத மட்டும் அமுக்கலியே? நல்ல வேளம்மா. சாவக் கெடக்கறவன எழுப்பி ஓடவுட்ட மாதிரி ஆயிருக்கும்," என்றார் பாய். சொன்ன பிறகுதான் எங்கே நின்று சொல்கிறோம் என்று உறைத்தது போல. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, டிஸ்க்கில் வயர் சொருகும் வாயை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். மெல்லிய ஊசியால் சுரண்டினார். காகிதத்தில் மஞ்சளாகத் தூள் விழுந்தது.

"இன்னாம்மா இது, ஹார்டு டிஸ்க்குக்கு சந்தனக் காப்பா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செல்வி சிரிக்கவில்லை. "அவருதான் வெச்சாரு. ஆயுத பூஜைக்கு. கேமராவுக்கு வெச்சிட்டு, இதுவும்தான நமக்கு சோறு போடுதுன்னு வெரல்ல கீற மிச்சத்த இதுல தொடச்சாரு," என்றாள். பாய் அந்தத் தூளை ஊதிவிடாமல் காகிதத்தோடு மடித்து அவள் கையில் கொடுத்தார்.

சந்தனம் போன பிறகு டிஸ்க் முன்னைவிட அதிக நேரம் ஓடியது. ஆனாலும் நடுநடுவே நின்றுபோவது விடவில்லை. "அடைப்பு மட்டும் இல்லம்மா. உள்ளயும் தேஞ்சி கீது. எது ரொம்ப முக்கியமோ அத மொதல்ல எடுத்துக்கோங்க. ஒவ்வொண்ணா எடுங்க, மொத்தமா இழுக்காதீங்க. எப்ப படுத்துக்கும்னு என்னால சொல்ல முடியாது," என்றார்.

அப்போதுதான் வசந்தி வந்தாள். யாரும் சொல்லி அனுப்பவில்லை. கல்யாண ஆல்பம் கேட்க வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். "ஆல்பம்லாம் வேணாங்க்கா. ஆடி மாசம் எங்க அப்பா செத்துட்டாரு. அவரு பேசறது, நடக்கறது வேற எதுலயும் இல்ல. அண்ணன் எடுத்ததுலதான் கீது. அத மட்டும் குடுத்துடுங்க," என்றாள்.

தம்பி, நான் 'பாப்பா'வைத்தான் முதலில் எடுக்க நினைத்தேன். மறைக்கவில்லை. அக்காதானே நான். ஆனால் செல்வி என் கையைப் பிடித்தாள். "அவளுது மொதல்ல எடுங்க அண்ணி. வாய தொறந்து கேட்டுட்டா. நம்ம வூட்டுது எடுத்துக்கினு அவள வெறுங்கையோட அனுப்பினா அவரு சும்மா வுடுவாரா?"

ஒவ்வொன்றாக எடுத்தோம். நடுவில் நிற்கும். ஆற விடுவோம். மறுபடி எழும். வசந்தி நகத்தைக் கடித்துக்கொண்டே நின்றாள். கல்யாணம் முழுக்க வந்து சேர்ந்தது. பிறகு 'பாப்பா' மேல் அமுக்கினேன். டிஸ்க் உள்ளே ஒரு சத்தம் வந்தது, டக் டக் என்று. பாய் வேகமாக வந்து வயரைப் பிடுங்கினார். அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் ஆற விட்டு மாட்டினாலும் விளக்குக்கூட எரியவில்லை. செல்வி பாப்பாவைக் கீழே இறக்கிவிட்டு, முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டாள்.

வந்தவரைக்கும் சரியாக இருக்கிறதா பார்க்கலாம் என்று வசந்தியின் கல்யாணத்தைப் போட்டேன். மணமேடை வந்தது. பாட்டு இல்லை. மேளம், குழந்தைகள் கூச்சல், பாத்திரச் சத்தம். அதற்கு மேல் நீ.

"மாமா, கொஞ்சம் பொண்ணு பக்கத்துல வாங்க. தோள்ல கைய வையுங்க. இன்னா மாமா, சம்பந்தி தோள்ல வைக்கற மாதிரி வைக்கிறீங்க, உங்க பொண்ணு மாமா! ஆங். எல்லாரும் இங்க பாருங்க. இங்க பாரும்மா. இங்க."

வசந்தி அப்பாவைப் பார்த்து அழுதாள். செல்வி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். கீழே வயரோடு விளையாடிக்கொண்டிருந்த பாப்பா, நீ "இங்க பாரும்மா" என்றதும் நிமிர்ந்து பார்த்தாள். உன்னைத்தான் பார்த்தாள் தம்பி. நீ வேறு யாரையோ பார்க்கச் சொன்னாய். அவளும் பார்த்தாள்.

இதோடு எழுதி முடித்திருந்தால் இது சந்தோஷக் கடிதம்.

மறுநாள், அவள் அப்பா வரும் இடங்களை மட்டும் தனியாக வெட்டிக் கொடுக்க உட்கார்ந்தேன். அதற்காக முதலிலிருந்து கடைசிவரை கேட்டேன். பந்தி நடக்கிறது. கேமராவை மேஜை மேல் வைத்துவிட்டாய் போல, இலையும் கைகளும் மட்டும் தெரிகின்றன. லைட் பிடிக்கும் மணியிடம் பேசுகிறாய்.

"டேய் மணி, லைட்ட எறக்குடா. நெஞ்சுல இன்னாவோ அடைக்குது. ஒரு சோடா வாங்கிக்கினு வா. வூட்ல சொல்லிடாத. செல்வி பயந்துக்கும்."

ஏன்டா சொல்லவில்லை? தையிலேயே தெரிந்திருந்தால் உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்க மாட்டோமா? ஒரு குறியும் காட்டாமல் பிடுங்கிக்கொண்டாயே என்று முருகன் சன்னதியில் நின்று எத்தனை நாள் சண்டை போட்டேன். அவன் காட்டியிருக்கிறான். நீதான் மறைத்தாய்.

செல்வி தினமும் கேட்கிறாள். "அண்ணி, எப்ப முழுசா போட்டுக் காட்டுவீங்க?" வெள்ளிக்கிழமை என்று சொல்லி வைத்திருக்கிறேன். அந்த இடத்தை மட்டும் வெட்டிவிடலாம் என்று உட்கார்ந்தேன். வெட்டத் தெரியும். ஆனால் அந்தக் கல்யாணம் முழுக்க எத்தனையோ பேரை மாமா, அத்தை, பாட்டிம்மா என்று கூப்பிடுகிறாய். செல்வி என்று அவள் பேரைச் சொல்வது அந்த ஒரே இடத்தில்தான். பேரை மட்டும் தனியாக எடுத்து வைக்கவும் பார்த்தேன். பேருக்கு முன்னாலும் உனக்கு மூச்சு வாங்குகிறது, பின்னாலும் வாங்குகிறது. அவள் உன்னோடு குடும்பம் நடத்தியவள். அந்த மூச்சு என்னவென்று அவளுக்குத் தெரியாதா?

என் வீட்டுக்காரரிடம், உன் மாமாவிடம் மட்டும் சொன்னேன். கோயிலில் பூப் போட்டுக் கேட்டுவிடு என்கிறார். சாமியைக் கேட்க மனசு வரவில்லை. இது உன் குரல், உன் பெண்டாட்டி.

நீ வெட்டச் சொன்னால் வெட்டி, என் நெஞ்சோடு வைத்துக்கொள்வேன், யாரிடமும் வாய் திறக்க மாட்டேன். விடச் சொன்னால் அந்த இடம் வரும்போது அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்வேன். நீ சொல்லும்வரை அந்த இடத்தில் கை வைக்க மாட்டேன். இது சத்தியம்.

கனவில் வந்தாலும் சரி, எப்படி வந்தாலும் சரி. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல், தம்பி.

உன் கூடப் பிறந்த அக்கா,
தனலட்சுமி