பதினோராம் எண்

ஜூன் 2, திங்கள்

மாடி அறைக் கம்ப்யூட்டர் இன்று காலை போய்விட்டது. பத்தொன்பது வருடம் உழைத்தது. அவர் பொத்தானை நான்கு முறை அழுத்தினார், காதை வைத்துக் கேட்டார், பிறகு கிளினிக்கில் பேசும் குரலில், "வேர் வரைக்கும் போயிருச்சு. எடுத்துற வேண்டியதுதான்" என்றார். பல்லைப் பற்றி நோயாளிகளிடம் இதைச் சொல்லும்போதும் இவர் முகம் இவ்வளவு வாடுமா, தெரியவில்லை.

அந்த அறை முழுக்க அவருடைய பொம்மை ரயில். பொம்மை என்று இங்கே மட்டும்தான் எழுதலாம். வாயால் சொன்னால், "மாதிரி ரயில்" என்று உடனே திருத்துவார். ஒன்பது எஞ்சின், மூன்று நிலையம், ஒரு பாலம். எல்லாவற்றையும் ஓட்டுவது கன்ட்ரோலர் என்ற ஒரு கறுப்புப் பெட்டி. கம்ப்யூட்டர் சொல்வதைப் பெட்டி கேட்கும், பெட்டி சொல்வதை எஞ்சின்கள் கேட்கும். இப்போது சொல்ல ஆள் இல்லை.

மகள் விட்டுப்போன லேப்டாப் சும்மாதான் இருக்கிறது. இரண்டே வருடப் பழசு. அதில் இணைத்துவிடலாம், அரை மணி நேர வேலை என்கிறார். அரை மணி நேர வேலைகளை இருபத்து நான்கு வருடமாகப் பார்த்து வருகிறேன்.

ஜூன் 4, புதன்

இணையவில்லை. பெட்டியிலிருந்து வரும் கேபிளின் முனையில் ஒன்பது துளைகள். லேப்டாப்பில் அப்படி ஒரு வாயே கிடையாது. இரண்டு பக்கமும் தட்டையாக ஒவ்வொரு பிளவு மட்டும்.

சாப்பிடும்போது சொன்னார்: "இந்த மாசக் கடைசிக்குள்ள ஓடலேன்னா எல்லாத்தையும் மூட்டை கட்டிடறேன். அந்த ரூமை நீ எடுத்துக்கோ. புத்தகம் எழுதணும்ல."

பார்க்கலாம் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

ஜூலை ஒன்றிலிருந்து கல்லூரியில் எனக்கு நான்கு மாத விடுப்பு. தமிழில் புள்ளியியல் பாடநூல் — ஆறு வருடமாகச் சாப்பாட்டு மேஜையில் எழுதிக்கொண்டிருக்கிறேன். தட்டு வைக்கும்போதெல்லாம் நிகழ்தகவைத் தூக்கி அலமாரி மேல் வைக்கவேண்டும். இந்த நான்கு மாதத்தில் முடிக்காவிட்டால் அது முடியப்போவதில்லை, எனக்குத் தெரியும். கதவு உள்ள ஓர் அறை வேண்டும். கேட்டதில்லை. இப்போது கேட்காமலேயே வருகிறது.

சந்தோஷப்பட்டேன். அதையும் இங்கே மட்டும்தான் எழுதுகிறேன்.

ஜூன் 7, சனி

கேபிள் கடைக்கு இருவரும் போனோம். காதில் ஸ்க்ரூ டிரைவர் செருகிய கடைக்காரர் ஒரு கேபிளை எடுத்துப் போட்டார். ஒரு முனை பழசுக்கு, மறுமுனை புதுசுக்கு.

"எல்லாத்துக்கும் சேரும் மேடம்."

"எல்லாத்துக்கும்னா?"

"எல்லாத்துக்கும்தான்."

இதைவிடக் கொஞ்சம் நல்ல நிரூபணம் எழுதிய மாணவர்களை நான் பெயிலாக்கியிருக்கிறேன். வீட்டுக்கு வந்து செருகினால், இது என்னவென்றே தெரியவில்லை என்றது லேப்டாப். திரும்பப் போனோம். கடைக்காரர் கொஞ்சமும் அசரவில்லை. வேறொன்றை எடுத்து, இது நல்லாவே சேரும் என்றார்.

ஜூன் 8, ஞாயிறு

நல்லாவே சேரும் கேபிளை லேப்டாப் ஏற்றுக்கொண்டது. ஆனால் ரயில் ஓட்டும் பழைய மென்பொருளைத் திறந்தால் ஒரே வரி: பெட்டி பதிலளிக்கவில்லை. அவர் பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடியால் பெட்டியின் பின்பக்கத்தை ஒவ்வொரு பல்லாக — இல்லை, ஒவ்வொரு ஒயராகப் பார்த்தார். சொத்தை எதுவும் இல்லையாம்.

மகள் போனில் வந்து, ஆஃப் செய்து ஆன் செய்தீர்களா என்று அப்பாவைக் கேட்டாள். அவர் புண்பட்டுப் போனை என்னிடம் கொடுத்துவிட்டார். "நீ ஏம்மா பாக்கல? உனக்குத்தான் இதெல்லாம் வருமே" என்றாள். திருத்த வேண்டிய தாள்கள் இருக்கின்றன என்றேன். இருந்தன. பொய்யில்லை.

முழு உண்மையும் இல்லை.

ஜூன் 11, புதன்

அரை நாள்தான் கல்லூரி. அவர் கிளினிக்கில். மாடிக்குப் போனேன், மேஜையை எங்கே போடலாம் என்று பார்க்கத்தான். அங்கே பெட்டியின் கையேடு திறந்து கிடந்தது. அச்சடித்த எதையும் படிக்காமல் தாண்ட என்னால் முடியாது.

இருபது நிமிடத்தில் புரிந்தது. இப்படிச் செருகும் ஒவ்வொரு இணைப்புக்கும் லேப்டாப் ஓர் எண் கொடுக்கிறது. இதற்குக் கொடுத்த எண் பதினொன்று. பழைய மென்பொருளுக்கோ ஒன்றிலிருந்து நான்கு வரைதான் தெரியும். அதை எழுதியவர் நான்குக்கு மேல் யாருக்கும் தேவைப்படும் என்று நினைக்கவில்லை போல. அது முதல் கதவைத் தட்டிவிட்டு வீட்டில் ஆளில்லை என்கிறது. பெட்டி பதினோராவது கதவில் நின்றுகொண்டிருக்கிறது.

லேப்டாப்பில் பதினொன்றை இரண்டாக மாற்றினேன். மென்பொருளிலும் இரண்டு என்றேன். பச்சை விளக்கு எரிந்தது. பொத்தானை அழுத்தினேன். சின்ன எஞ்சின் ஒரு சாண் நகர்ந்து நின்றது.

அதைக் கையால் தள்ளிப் பழைய இடத்தில் வைத்தேன். எண்களையும் பழையபடி மாற்றினேன். கீழே வந்து கைகழுவினேன். எதற்குக் கை கழுவினேன்?

ஜூன் 12, வியாழன்

சொல்லவில்லை.

ஜூன் 13, வெள்ளி

இன்றும். சாயங்காலம் இரண்டு மணி நேரம் மேலே இருந்துவிட்டு இறங்கி வந்து, அசையவே மாட்டேங்குது என்றார். பாவமாக இருந்தது. மேஜையை ஜன்னலோரம் போட்டால் வெளிச்சம் இடப்பக்கமிருந்து வரும் என்றும் தோன்றியது. இரண்டும் ஒரே நேரத்தில்.

ஜூன் 15, ஞாயிறு

போதும். அவர் காலையில் நடக்கப் போனபோது மேலே ஏறி இரண்டு இடத்திலும் எண்ணை மாற்றிவிட்டு வந்தேன். நான் செய்தேன் என்று சொல்லப்போவதில்லை. தானே சரிசெய்ததாக நினைத்துக்கொள்ளட்டும், அந்தச் சந்தோஷமும் சேரட்டும். அறை போயிற்று. ஆச்சரியம், நன்றாகப் பசித்தது.

மாலை: இறங்கி வந்தார். "ம்ஹும்" என்றார்.

என்ன ம்ஹும்?

ஜூன் 16, திங்கள்

காலையில் போய்ப் பார்த்தேன். பதினொன்று! மென்பொருளிலும் பழையபடி ஒன்று. திரும்ப மாற்றினேன். சாயங்காலம் மறுபடியும் ம்ஹும்.

ஜூன் 17, செவ்வாய்

தலைவலி என்று விடுப்பு எடுத்தேன். இருபத்திரண்டு வருட வேலையில் முதல் பொய்க் காரணம். தொடங்கும்போது பதினொன்று. அவர் கிளினிக்குக் கிளம்பியதும் எண்ணை இரண்டாக்கிவிட்டுச் சோதனையை ஆரம்பித்தேன்.

முதல் கருதுகோள்: லேப்டாப்பை அணைத்தால் எண் பழையபடி ஆகிறது. பத்து முறை அணைத்துத் திறந்தேன். பத்து முறையும் இரண்டுதான்.

இரண்டாவது: கேபிளை மறுபக்கப் பிளவில் செருகினால் மாறுகிறது. செருகினேன். மாறியது, ஆனால் பன்னிரண்டாக. திரும்ப இந்தப் பக்கம் செருகினால் இரண்டு. பதினொன்று வரவே இல்லை.

இயந்திரத்தின் மேல் போட வேறு பழி இல்லை. மிச்சம் இருப்பது ஒரே ஒரு மாறி. பல் டாக்டர்.

ஜூன் 18, புதன்

சாயங்காலம் டீயை மேலேயே கொண்டுபோனேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு ஓடாத ரயில்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதினொண்ணை யாரு மாத்தறது?" என்றேன்.

எந்தப் பதினொண்ணு என்று அவர் கேட்கவில்லை. அதுவே பதில்.

பிறகு சொன்னார். பத்தாம் தேதி கேபிள் கடைக்காரர் பல்வலியோடு கிளினிக்குக்கு வந்தாராம். ஊசி போட்டு மரத்துப்போன வாயோடு, "நம்பவ மாத்துங்க தாக்தர்" என்றாராம். இவர் அன்றைக்கே மாற்றி, ஒன்பது எஞ்சினும் ஓடுவதைப் பார்த்துவிட்டு, திரும்பப் பதினொன்று வைத்துவிட்டு இறங்கியிருக்கிறார். எனக்கு ஒரு நாள் முன்பே.

"எதுக்கு?"

"உனக்கு ரூம் வேணும்."

"நான் கேக்கலியே."

"நீ எப்ப கேட்டிருக்கே?"

டீயை அவர் கையில் கொடுத்துவிட்டு, தினமும் இரண்டு மணி நேரம் இங்கே என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"சும்மா உக்காந்திருந்தேன். ஓடாம இருந்தா எப்படி இருக்கும்னு பழகிப் பாத்தேன்."

"எப்படி இருந்துச்சு?"

"ஒண்ணும் மோசமில்ல."

பொய் சொல்லும்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைத்தார்.

என் பங்கையும் சொன்னேன். தெரிந்தும் நான்கு நாள் வாயைத் திறக்காமல் இருந்ததை, மேஜையை, ஜன்னலை, எல்லாவற்றையும். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். டீ சிந்தச் சிந்தச் சிரித்தார். "நாலு நாள்தானா? நான் எட்டு நாள்" என்றார், ஏதோ ஜெயித்தவர் மாதிரி. ஞாயிற்றுக்கிழமை எண் இரண்டாக இருந்ததைப் பார்த்து, லேப்டாப் தானாகவே திருந்துகிறது என்று பயந்துபோய் அதைத் திட்டினாராம்.

ஜூன் 20, வெள்ளி

இப்போது புதுத் தொல்லை. அறையை நீ எடுத்துக்கோ என்கிறார் அவர். வேண்டாம், ஓட்டுங்கள் என்கிறேன் நான். இரண்டு நாளாக இதேதான். மகள் கேட்டுவிட்டு, "ரெண்டு பேரும் நல்லவங்களா இருந்து உசிரை வாங்காதீங்க. யாராவது ஒருத்தர் கெட்டவங்களா இருங்க" என்றாள்.

ஜூன் 22, ஞாயிறு

செத்த கம்ப்யூட்டரை வெளியே கொண்டுவந்தோம். ரயில் பலகை நான்கு சுவரையும் ஒட்டிச் சுற்றி வருகிறது. நடுவில் ஒரு சதுரப் பள்ளம், அதற்குள்தான் பீரோ மாதிரி அது நின்றது. இத்தனை வருடமும் பலகைக்கு அடியில் குனிந்து உள்ளே போய், அங்கே உட்கார்ந்துதான் அவர் ஓட்டினார். நான் உள்ளே நின்று அடியில் தள்ள, அவர் வெளியே நின்று இழுத்தார். லேப்டாப்பைக் கதவோரப் பலகையில் வைத்தார். புதுக் கேபிள் அங்கே வரை எட்டுகிறது. இனி நடுவில் யாரும் உட்காரத் தேவையில்லை.

நான் மட்டும் அந்தக் காலி இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். மேஜை போட்டு, நாற்காலியும் போடலாம். குனியாமல் யாரும் உள்ளே வர முடியாது. அவருக்கோ முதுகுவலி. கத்தரிக்கோல் எங்கே, சாவி எங்கே என்று கேட்டு வரும் தொல்லை இருக்காது. கதவே தேவையில்லை.

"அளவு டேப் எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

"எடுத்துட்டேன்" என்றார். ஏற்கெனவே கையில் வைத்திருந்தார்.

ஜூலை 1, செவ்வாய்

விடுப்பு தொடங்கியது. மேஜையை, கால்களைக் கழற்றித்தான் உள்ளே கொண்டுபோக முடிந்தது. ஒன்றரைப் பக்கம் எழுதினேன். இரண்டு முறை அடியிலிருந்து எழும்போது தலையில் பலகை இடித்தது.

ஜூலை 9, புதன்

நான்காம் அத்தியாயம், சிதறல், முடிந்தது. பாடநூல்களில் வழக்கமாக வரும் மாணவர் உயரங்களும் மழை அளவும் எனக்கே அலுத்துவிட்டன. சரக்கு வண்டி ஒரு சுற்று முடிக்க எத்தனை விநாடி என்று முப்பது சுற்றுகள் குறித்துக்கொண்டேன். பெரும்பாலும் தொண்ணூற்று நான்குக்குப் பக்கத்தில். பதினேழாவது சுற்றில் மட்டும் கடைசிப் பெட்டி பாலத்தில் தடம் புரண்டு, அவர் இடுக்கியால் தூக்கி வைத்து, நான்கு நிமிடம் பத்து விநாடி ஆனது.

என்னைப் பார்க்காமலே, "அதைப் புத்தகத்துல போடாதே. பசங்க சிரிப்பாங்க" என்றார்.

வசதிப்படவில்லை என்பதற்காக ஓர் அளவீட்டைத் தள்ளக்கூடாது, இந்த அத்தியாயமே அதைப் பற்றியதுதான், இதற்காக நான் மார்க் குறைத்திருக்கிறேன் என்றெல்லாம் விளக்கினேன். சரி என்றார். தலையைக் குனிந்து அந்தப் பெட்டியின் சக்கரங்களைத் துடைக்க ஆரம்பித்தார்.

இருபத்தொன்பது சுற்றுகள் என்று எழுதியிருக்கிறேன். அடிக்குறிப்பு போடவில்லை.