பலகையில் என் பெயர்

2004 ஜனவரி 12, திங்கள்
நானே எழுதும் முதல் பக்கம். இந்த வரிக்குக் கால் மணி நேரம் ஆனது. ஆகட்டும்! அறுபத்தெட்டு வயதில் என் பெயருக்கு நானே புள்ளி வைக்கிறேன். ஆரோக்கியசாமி. கோர்படி சர்ச்சில் நடக்கும் முதியோர் தமிழ் வகுப்பில் ஜான்சி டீச்சர், "க்-குப் புள்ளி விழுந்துருச்சு. அங்கிள் பாஸ்!" என்றாள். வீட்டில் மனைவி மரியம்மாளிடம் காட்டினேன். "அழகாத்தான் இருக்கு. தண்ணி வந்துருச்சு, குடத்தை எடுங்க" என்றாள்.

ஜனவரி 14
இந்த ஊரில் கடைப் பெயர், பஸ், எல்லாம் மராத்தி. படிக்கத் தமிழ் கிடைக்கவில்லை. காலண்டரையே மூன்று முறை படித்தேன்.

ஜனவரி 18, ஞாயிறு
வெள்ளையடிப்பதற்காக அடுப்படித் தட்டைக் கழற்றினேன். ராணுவ ஆய்வுக்கூடத்தில் நான் பியூனாக இருந்தபோது விஞ்ஞானி சந்திரமௌலி சார் கொடுத்த தேக்குப் பலகை அது. அடிப்பக்கம் சிவப்பு எழுத்து. மேலே இங்கிலீஷ், இந்தி. கடைசியில் தமிழ். எழுத்துக்கூட்டினேன்.
"ஆரோக்கியசாமி, இந்தப் பிளக்கைப் பிடுங்காதே."
என் பெயர்.

ஜனவரி 19
தூக்கமில்லை. எழுதிவிடுகிறேன்.
சார் ராணுவ வயர்லெஸுக்குக் கடிகாரம் செய்தார். உள்ளே ஒரு படிகக் கல். அதை ஒரே சூட்டில் வைக்கச் சின்ன அடுப்பு. "ரெண்டு செட்டும் ஒரே கணத்துல அலைவரிசை மாறணும். ஒண்ணு பிந்தினா பேச்சு அறுந்துடும். கல்லுக்கும் வயசாகும், ஆரோக்கியம். எவ்வளவு மெல்ல வயசாறதுன்னு தொண்ணூறு நாள் அணைக்காம பார்க்கணும்" என்பார்.
கடிகாரத்தின் பிளக்குக்கு மேலே பலகை மாட்டிய அன்று கேட்டார்: "படிச்சியா?"
"படிச்சேன் சார்." வெட்கம், வேறென்ன.
எழுபத்தோராம் நாள் சாருக்கு டீ போட ஒரு பிளக்கைப் பிடுங்கி ஹீட்டரைச் செருகினேன். பத்தே நிமிடம். திரும்ப மாட்டியும் விட்டேன்.
சோதனை கெட்டுப்போனது. கரண்ட் போய்விட்டது என்று சார் எழுதிக் கொடுத்தார். வெளிநாட்டுக் கடிகாரத்தை வாங்கினார்கள். சாரை ஸ்டோருக்குத் தூக்கிப் போட்டார்கள். ஓய்வு பெறும் வரை அங்கேயேதான். கரண்ட்தான் என்று நானும் நம்பினேனே! விசாரணைக்கு முதல் நாள்தானே பலகையைக் கழற்றி, "ஆத்துக்கு எடுத்துண்டு போ" என்றார்...
அட பாவி, நானா? நானா செஞ்சேன்?

பிப்ரவரி 1, ஞாயிறு
சார் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி நீலா அம்மா கதவைத் திறந்தார். "வாங்கோ. இவருக்குப் பக்கவாதம். பேச்சு வரல்லை. இடது கையால எழுதறார்."
சாரின் காலைப் பிடித்துக்கொண்டேன். "எனக்குப் படிக்கத் தெரியாது சார். பொய் சொன்னேன். பிளக்கைப் பிடுங்கினது நான்தான்."
நெடுநேரம் எழுதினார். நெடுநேரம் படித்தேன். இருவருக்கும் ஒரே வேகம்.
"டீ சூடாக இருந்தது. அன்றே தெரியும்."
கீழே இன்னொரு வரி: "படித்தாயா?"
"படிச்சேன் சார்."
சார் சிரித்தார், பாதி வாயால்.

மார்ச் 9
என் பெயருக்கு வந்த முதல் தபால். கார்டு. நீலா அம்மா எழுத்து. ஓரங்களில் கறுப்பு மை.
மரியம்மாள், "யாரு போட்டது? படிச்சீங்களா?" என்றாள்.
"இன்னும் படிக்கலடி" என்றேன்.